வெங்காயம் உரிக்கச் சொன்ன ஆயா

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். அப்பாவின் சம்பளத்தில் பாதி கள்ளுக்கடைக்குப் போய்விடும். அவர் வீடு திரும்பியதும் சட்டிபானை பறக்கும். விடிவதற்கு முன்பே அம்மா இவரையும் தம்பியையும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் பெயர் கொடுக்க) ஓடுவார். கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவைப் பற்றித்தான் கடிதத்தில் பாதி. பள்ளியில் சேர்ந்த பிறகும் மதியம் மணி அடித்தால் இவர் கால் ஆயா வீட்டுக்குத்தான் போகும். இவருக்கு 12 வயதானபோது தோட்டம் கைமாறியது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஆயாவை மறுபடி பார்த்திருக்கிறார். “கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தது ஆயாதான். ‘பாப்பா’ என்றார். இரண்டு பிள்ளைக்குத் தாய் நான், நடுத்தெருவில் நின்று அழுதேன்” என்று எழுதுகிறார். ஆயாவுக்கு இப்போது 79. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலிவு விலை வீடொன்றில் தனியாக இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். மருத்துவமனையில் “நீங்கள் என்ன உறவு?” என்று கேட்டபோது நம் சகோதரி “மகள்” என்று சொல்லிவிட்டார்.

ஆயாவைத் தன் வீட்டுக்கே அழைத்துவர நினைக்கிறார். கணவர் அரைமனதாகச் சரி என்கிறார். கூடவே இருக்கும் அம்மாவுக்கு வயது 68. அவர் சொன்னது: “பத்து மாசம் சுமந்தவ நான். கூலிக்குப் பார்த்தவளுக்கு இந்த வீட்டுல கட்டிலா?” பெற்றவளைவிட வளர்த்தவள் மேல் பாசம் வைப்பது பாவமா, ஆயாவுக்குப் பட்ட நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது, ஒரே கொட்டகையில் வளர்ந்த தம்பி ஏன் குடியில் விழுந்தான், ஆயாவுக்காகக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டா என்று நான்கு கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வெங்காயம் வருகிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

இரவு வீட்டில் ரகளை நடந்தால், மறுநாள் ஆயா உங்களை எதுவும் கேட்க மாட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார வைத்து, சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி, “நீ உரி பாப்பா, எனக்குக் கண்ணு எரியுது” என்பார். நீங்கள் உரிப்பீர்கள், அழுவீர்கள். உரித்து முடிந்ததும் பால் டின் குவளையில் வரக்கோப்பி கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

“ஏன் அழுவுற?” என்று அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று, அப்பாவைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே பெரிய சுமை. ஆயா பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டு, நீங்கள் அழுவதற்கு இடம் விட்டார். தெரிந்துதான் செய்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாமலும் செய்திருக்கலாம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைக்குச் சமைக்கிறவருக்கு உண்மையாகவே கண் எரிந்திருக்கலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பயந்துபோன சின்னப் பிள்ளைக்குத் தன் படபடப்பைத் தானே அடக்கத் தெரியாது. பக்கத்தில் பதறாத ஒரு பெரியவர் இருந்தால் அவருடைய நிதானம் பிள்ளைக்கும் வரும். இது பலமுறை நடந்தால், பிறகு அந்தப் பெரியவர் பக்கத்தில் இல்லாதபோதும் பிள்ளையால் தன்னை ஓரளவு சமாளிக்க முடியும். நீங்கள் வேலை செய்யும் பள்ளி அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வரும் மாணவர்களிடம் காகிதக்கட்டைக் கொடுத்து அடுக்கச் சொல்வீர்கள் என்று ஐந்தாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்லும்போது எழுதியிருக்கிறீர்களே. அதை எங்கே கற்றீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் “என்னிடம் இருக்கும் நல்லது எதுவும் என்னுடையது இல்லை, எல்லாம் ஆயா போட்ட பிச்சை” என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹவாயில் கவாய் என்றொரு தீவு. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர்களுடைய நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அதுவும் நம்மைப் போலத் தோட்டக்காடுதான். ரப்பருக்குப் பதில் கரும்பும் அன்னாசியும். பல குடும்பங்கள் வெளிநாடுகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவை. பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, குடிக்கும் அல்லது மனநோயுள்ள பெற்றோர் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்தப் பிள்ளைகளிலும் 72 பேர் பெரிய சிக்கல் இல்லாமல், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு எது கைகொடுத்தது என்று பார்த்தபோது அடிக்கடி தென்பட்டவற்றில் ஒன்று, நிதானமான ஒரு பெரியவரோடு நெருக்கம். அவர் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர் யாராகவும் இருக்கலாம்.

இதுவரை படித்துவிட்டு “பார்த்தீர்களா, ஆயாதான்” என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த 72 பேரில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே சிரித்துப் பழகி, பெரியவர்களைத் தன் பக்கம் இழுத்தவர்கள் என்பதையும் அதே ஆய்வு குறித்து வைத்திருக்கிறது. கொட்டகைக்கு உங்களை அம்மா தூக்கிக்கொண்டு போனார், சரி. பள்ளி விட்டதும் ஆயா வீட்டுக்கு நடந்த கால்கள் யாருடையவை? அன்பு எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடித்துப் போன பிள்ளை நீங்கள்.

அம்மாவும் ஒரு சார்டின் டின்னும்

பாசம் வைப்பது பாவமா என்ற கேள்விக்குப் பதில் சின்னது: இல்லை. நம் ஆட்களுக்கு அம்மா என்றால் கோயில். அந்தக் கோயிலில் இன்னொரு சாமிக்கு இடம் ஏது என்று பதறுகிறோம். நம் தோட்டத்துக் கோயில்களில் மாரியம்மனுக்குப் பக்கத்திலேயே முனியாண்டிக்கும் இடம் இருந்ததே, அவர்களுக்குள் சண்டை வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. ஆயாவை உயர்த்தும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்திலேயே அம்மாவை இறக்கியிருக்கிறீர்கள். “ஆயா தலை வாரிவிடுவார், அம்மா முடியைப் பிடித்து இழுப்பார்.” நடந்தது அதுவாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் ஒரு நாளையும் கொஞ்சம் பாருங்கள். பால்மரத்தை விடிகாலையில்தான் வெட்ட வேண்டும். இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, உங்கள் இருவரையும் இருட்டில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, மங்கு மங்காக (கிண்ணம் கிண்ணமாக)ப் பால் எடுத்து, சுமந்து கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் திரும்புவார். இரவில் அப்பா. பிள்ளையின் தலையை மெதுவாக வாருவதற்கும் கையில் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், சகோதரி. நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் அம்மா மதியத்தில் சுவரில் சாய்ந்தபடி, கையில் சோற்றுப் பிடியோடு தூங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சார்டின் டின்னுக்கு வருகிறேன். “சம்பளத்தன்று அம்மா ஒரு சார்டின் டின்னும் அரைக் கிலோ சீனியும் கொடுத்து ஆயா வீட்டில் கொடுக்கச் சொல்வார், அதுதான் கூலி” என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது? நீங்கள் எழுதியபடி, இரண்டாம் வகுப்பில் படித்தபோது. ஆயாவுக்குக் கொட்டகைச் சம்பளத்தைக் கொடுத்தது தோட்ட நிர்வாகம். பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு நீங்கள் அவர் பொறுப்பிலும் இல்லை. அப்படியென்றால் அந்த டின் எதற்கு?

நான் ஊகிக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். பிள்ளை தினமும் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. போகாதே என்று தடுக்கவில்லை. பாதிச் சம்பளம் கள்ளுக்கடைக்குப் போன வீட்டில் ஒரு சார்டின் டின் லேசான செலவு இல்லை. தன்னால் கொடுக்க முடியாதது பிள்ளைக்கு வேறு இடத்தில் கிடைக்கிறது என்று அறிந்த ஒரு தாய், வாய்விட்டு நன்றி சொல்லக் கூச்சப்பட்டு, அதை உங்கள் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கலாம்.

இதற்காக நீங்கள் அம்மாவை மன்னித்தாக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்பா அடித்தபோது பார்த்துக்கொண்டிருந்ததும், மறுநாள் “வெளியே சொல்லாதே” என்றதும் உங்களுக்கு வலித்திருக்கிறது, இன்னும் வலிக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்று கட்டிலைப் பற்றிக் கத்துகிற 68 வயதுப் பெண்மணி கட்டிலுக்காகக் கத்தவில்லை. தாய் என்ற முறையில் தனக்குரிய மதிப்பெண் அட்டையை மகள் கடைசியில் வாசித்துவிட்டாள், தான் தோற்றுவிட்டோம் என்று பயப்படுகிறார்.

தம்பி

ஒரே கொட்டகை, ஒரே ஆயா, பிறகு ஏன் இப்படி என்கிறீர்கள். ஒரே கொட்டகைதான், ஆனால் ஒரே குழந்தைப்பருவம் இல்லை. தோட்டம் கலைந்தபோது உங்களுக்கு 12, அவருக்கு 8. உங்களுக்குக் கிடைத்த நான்கு வருடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் பாசப்பிணைப்பைப் பற்றி இன்று உளவியலில் நாங்கள் படிக்கும் பாடங்களுக்கு அடித்தளம் போட்ட ஜான் பௌல்பி, தனக்கு நாலு வயது ஆகும் சமயத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததற்குச் சமமாகச் சொன்னவர். உங்கள் தம்பிக்கும் அப்படி ஒரு இழப்பு நடந்திருக்கிறது. ஆனால் ஆயா சாகவில்லையே, லாரியில் சாமான் ஏற்றியதோடு சரி. அதற்காக யாரும் அழவும் இல்லை, அவரை அழ விடவும் இல்லை.

“அப்பாவின் ரத்தம்” என்று எழுதியதை அடித்துவிடுங்கள். குடிக்கு அடிமையாகும் நாட்டம் குடும்பத்தில் ஓரளவு தொடர்வது உண்மை, ஆனால் அது தலையெழுத்து இல்லை. கவாய் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்த 72 பேரைப் பற்றியதே அல்ல. பதின்ம வயதில் கெட்டுப்போனார்கள் என்று எழுதப்பட்ட மற்றவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதில் நிமிர்ந்துவிட்டார்கள். மறுபடி படிப்பு, நிலையான வேலை, நல்ல துணை, ஏதோ ஒரு சமய நம்பிக்கை என்று வயதான பிறகு வந்த வாய்ப்புகள் அவர்களைத் தூக்கிவிட்டன. உங்கள் தம்பிக்கு 40தான். அரசாங்க கிளினிக்கில் குடியை நிறுத்த உதவி கேட்கலாம். திடீரென்று தானாக நிறுத்தினால் உடம்பு ஆபத்தில் போய் முடியலாம், அதனால் மருத்துவர் மேற்பார்வையில் செய்வது நல்லது.

இன்னொன்று. அவர் இரும்புக் கிரில் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயாவின் குளியலறைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி தேவைப்படுகிறது. புத்திமதி எதுவும் சொல்லாமல் அளவை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

ஆயாவை வீட்டுக்கு அழைத்து வருவது

எட்டுப் பக்கத்தில் ஆயா சொன்னதாக நிகழ்காலத்தில் இருப்பது ஒரே ஒரு வரி: “வேண்டாம் பாப்பா.” அதை எழுதிவிட்டு, “அவர் அப்படித்தான், கூச்சப்படுவார்” என்று தாண்டிப் போய்விட்டீர்கள். உண்மையாகவே வேண்டாம் என்றால்? ஐம்பது வருடமாகத் தன் சாவியைத் தானே இடுப்பில் சொருகியவர் அவர். உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டில், ஒரு அறையில், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை காத்திருப்பது அவருக்குச் சந்தோஷமா என்று கேட்க வேண்டும். அதுவும் நீங்கள் அழாமல் கேட்க வேண்டும். நீங்கள் அழுதால் அவர் உங்களுக்காகச் சரி என்று சொல்லிவிடுவார். அவர் பழக்கம் அது.

கடன், கடன் என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நன்றிக்கடன் என்று தமிழில் சொல் இருப்பதாலேயே இது வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய தொகை என்று ஆகிவிடாது. அப்படி நினைத்தால், ஆயாவுக்கு என்ன வேண்டும் என்பதைவிட உங்கள் மனம் எப்போது அடங்கும் என்பது முன்னால் வந்து நின்றுவிடும்.

அவர் தன் வீட்டிலேயே இருக்க விரும்பினால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். கண், ரத்த அழுத்தம், அவர் விழுங்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கிளினிக்கில் ஒருசேரப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாத்திரைகளே தலைசுற்ற வைக்கும். குளியலறைக்கு வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சின்ன விளக்கு, பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வைத்திருக்கிறார் என்பதால் சமூகநல இலாகாவின் முதியோர் உதவிக்கு மனுச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று தொடங்கிப் பார்க்கலாம். அம்மாவும் அவரும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டால் கட்டிலைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மாதத்தில் ஒருநாள் மட்டும் வந்துபோகும் ஆயாவின் அண்ணன் மகன் மேல் உங்களுக்குச் சந்தேகம். ஆதாரம் இல்லாமல் வாய் விட வேண்டாம். பேங்க் அட்டை யார் கையில் இருக்கிறது என்று ஆயாவிடம் தனியாக, சாதாரணமாகக் கேளுங்கள். நீங்கள் அவருக்காகச் செலவழிக்கும் பணத்துக்கு ரசீதை எடுத்து வையுங்கள். வீட்டுக்கு ஆசைப்படுகிறாள் என்ற பேச்சு ஒருநாள் வரும்.

கையெழுத்தும் உரிமையும்

நான் வழக்கறிஞர் இல்லை, பொதுவானதை மட்டும் சொல்கிறேன். ஆயா தெளிவாக இருக்கும்வரை சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் அவரேதான். மகளாக இருந்தாலும் அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவு செய்ய முடியாது. அதனால் பொய்யும் தேவையில்லை. “அவர் வளர்த்த பிள்ளை, அவசரத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள்” என்று சொல்லி, ஆயா வாயாலேயே உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

சொத்து விஷயத்தில், முறைப்படி தத்தெடுக்காத பிள்ளை சட்டத்தின் கண்ணுக்கு அந்நியர்தான். உயில் இல்லாமல் போனால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, கணவர், பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாதவரின் சொத்து உடன்பிறந்தவர்களுக்கும், அவர்கள் இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகும். ஆயாவுக்கு வேறு எண்ணம் இருந்தால் அவர் உயில் எழுதலாம். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். உங்களுக்கு எதையாவது எழுதி வைப்பதாக இருந்தால் நீங்களோ உங்கள் கணவரோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் உங்களுக்கு எழுதியது செல்லாது. இதையெல்லாம் அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கும்போது ஆயா தனியாக உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். அடுத்த முறை ஆயாவைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். வர மாட்டேன் என்றால் அடுத்த வாரமும் கேளுங்கள். அங்கே போனதும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சமாதானம் பேசி வைக்க வேண்டாம். ஒரே தோட்டத்து ஆட்கள், எந்தத் தீம்பாரில் யார் மரம் வெட்டினார்கள் என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். நீங்கள் சமையலறைக்குப் போய்க் கோப்பி கலக்குங்கள். போகும் வழியில் பசாரில் நிறுத்தி, ஆயாவுக்கு என்ன வாங்கலாம் என்று அம்மாவிடம் கேளுங்கள். சார்டின் டின் என்று அவரே சொன்னால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.